பின்பக்கத்துப் பதினேழு நிபந்தனைகள்

1. வாய் தவறிச் சொன்ன ஒரு பேச்சு

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் நான் பத்தொன்பது வருஷம் எழுத்துக் கோத்தேன். கல்யாணப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ், பள்ளிக்கூடத்து மார்க் அட்டை, கடைகளின் பில் புத்தகம் என்று கைக்கு வந்ததெல்லாம் செய்திருக்கிறேன். அதில் ஒரு வேலைதான் என்னைக் கோர்ட்டுக் கூண்டில் ஏற்றியது. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திருக்கொச்சி ராஜ்யமாக இருந்த காலத்தில் நடந்தது. அப்போது நான் தலைமைக் கம்போசிட்டர்.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் உள்ளே வந்தார். கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தார். ஒரு மஞ்சள் ரசீதை என் மேஜைமேல் விரித்து வைத்தார்.

"இதுல அடியில பொடி எழுத்தா உங்க பிரஸ் பேர் இருக்கு. இங்கே அடிச்சதுதானே?"

எங்கள் ஊரிலிருந்து நாகர்கோவில், திருநெல்வேலி வரை லாரி விட்ட ஒரு பார்சல் கம்பெனியின் ரசீது அது. கம்பெனியின் பெயர் இப்போது வேண்டாம். எங்கள் அச்சகத்துக்குப் பெரிய வாடிக்கை அதுதான்.

"இங்க அடிச்சதுதான். என்ன வேணும்?"

"இதே ஃபாரம் கசங்காததா ஒண்ணு கிடைக்குமோ? கட்சிக்காரர் மடியில வச்சு வச்சு வேர்வையில ஊறிப்போயிடுத்து. பின்பக்கம் ஒரு வரி படிக்க முடியலை."

நான் ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். "கசங்காட்டாலும் படிக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் உடனே கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "ஏன் முடியாது? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்கோ."

அவர் பெயர் ருக்மணி. அதே ஊரில் ஸ்ரீவராகம் பகுதியில் இருந்தவர். வீட்டின் முன்னறையையே ஆபீசாக வைத்து வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்தார். அவருக்கு வந்த கேஸ்களில் பாதிக்குமேல், மற்ற வக்கீல்கள் இதில் ஒன்றும் கிடைக்காது என்று திருப்பி அனுப்பியவை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

2. நான் எடுத்த வரி

அந்த ரசீதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு ஒரு வருஷம் முன்பு பார்சல் கம்பெனி மேனேஜர் புதிய ஃபாரம் ஒன்றுக்குக் காப்பி, அதாவது அச்சடிக்க வேண்டிய வாசகம், கொண்டுவந்தார். முன்பக்கம் அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், சாமான் விவரம். பின்பக்கம் ஆங்கிலத்தில் பதினேழு நிபந்தனைகள். எங்கோ வெளியூர் வக்கீல் எழுதிக் கொடுத்தது. உள்ளங்கை அகலமுள்ள தாளில் அத்தனையும் அடங்க வேண்டும் என்றார்.

எட்டு பாயிண்ட் அளவு எழுத்தில் அடங்கவில்லை. ஆறு பாயிண்டுக்கு இறங்கினேன். சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்து. வரிகளுக்கு நடுவே இடைவெளி தரும் ஈயத்தகடு ஒன்றுகூட வைக்கவில்லை. ஒரு வரியின் தலைமேல் அடுத்த வரி ஏறி நிற்கும். தாளோ சன்னமான மஞ்சள் தாள். முன்பக்கத்து எழுத்து பின்பக்கம் நிழலாகத் தெரியும். கறுப்பு மை போட்டால் இரண்டும் கலந்துவிடும் என்று சாம்பல் மையில் அடிக்கச் சொன்னார்.

நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஃபாரம் வகுப்பு வரை படித்தவன். ஆங்கில எழுத்து தெரியும், சில சொற்கள் தெரியும், சட்டத்து ஆங்கிலம் புரியாது. காப்பியைப் பார்த்துத் தப்பில்லாமல் கோப்பேன், அவ்வளவுதான்.

முன்பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. நிபந்தனைகளைப் பின்புறம் காண்க என்று பொருள். அது எனக்கே புரியும் ஆங்கிலம். திருத்தம் பார்க்க அடித்த ப்ரூஃப் தாளைப் பார்க்க வந்த மேனேஜர் ஒரு லாரிப் படத்தின் பிளாக்கை, அச்சுக்கட்டையை, கொண்டுவந்து அதையும் முன்பக்கத்தில் சேர்க்கச் சொன்னார்.

"எடமில்லையே சார்" என்றேன்.

அவர் சிவப்புப் பென்சிலால் அந்தக் கடைசி வரியை அடித்தார். ஓரத்தில் எடுக்கவும் என்று குறி போட்டுச் சுருக்கக் கையெழுத்தும் வைத்தார்.

"சார், பின்பக்கம் பாருங்கன்னு சொல்லுத வரியில்லா அது?"

அவர் சிரித்தார். "பின்னாடி பாத்தா எவன்டே நம்மகிட்ட சாமானக் குடுப்பான்? எடுத்துரு."

நானும் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. குறடால் அந்த வரியை எழுத்து எழுத்தாகக் கிள்ளி எடுத்தது நான்தான். அந்த இடத்தில் லாரிப் படம் உட்கார்ந்தது. வேலை சுத்தமாக இருக்கிறது என்று மேனேஜர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

3. செல்லையா

ஃபாரம் தேடி வைக்கிறேன் என்று வக்கீலம்மாவை அனுப்பிய மறுவாரம் அவருடைய கட்சிக்காரரே வந்தார். இரண்டு கக்கத்திலும் கட்டை. இடதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. முதுகில் ஒரு சாக்கு மூட்டை தொங்கியது. நாற்பது வயதுக்காரர். பெயர் செல்லையா. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பட்டாளத்தில் இருந்தவர். பர்மா யுத்தத்தில் கால் போய்விட்டது. பூனாவில் ராணுவத்தார் அவருக்கு ஒரு மரக்கால் செய்து கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டுதான் பொன்முடியில் ஒரு தேயிலை பாக்டரியில் எடை போடும் வேலையில் நின்றார்.

"வக்கீலம்மா ஒரு புது ஃபாரம் வாங்கியாரச் சொன்னாவ அண்ணாச்சி" என்றார்.

ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். சாக்கில் என்ன என்று கேட்டதும் அவிழ்த்துக் காட்டினார்.

உள்ளே அந்த மரக்கால் இருந்தது. தொடையில் இறுக்கிக் கட்டும் தோல் வெந்து, கருகிய அப்பளம்போலச் சுருண்டிருந்தது. மரம் நீளவாக்கில் பிளந்திருந்தது. முழங்கால் கீல் இரண்டும் வெள்ளைக் கட்டி பிடித்து அசையவில்லை.

"கீலு தேஞ்சுபோச்சுன்னு நாகர்கோவில்ல ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். லீவு ஒரு நாளுதான் குடுத்தாவ. கால அங்க குடுத்துட்டு அம்புட்டுத் தூரம் நான் எப்படித் திரும்பி வர? அதான் இங்க பார்சல்ல போட்டேன். லாரியில தண்ணி விட்டு நீத்தாத சுண்ணாம்ப ஏத்தி, அதுமேல இத வச்சிருக்கான். தார்ப்பாய் போடல. வழியில மழ. சுண்ணாம்பு கொதிச்சு இப்பிடி ஆயிட்டு. பட்டறைக்காரரு கையில தொட்டுப் பாத்துட்டு, இதுல செய்ய ஒண்ணும் இல்லன்னு திருப்பி விட்டுட்டாரு."

"கம்பெனியில என்ன சொன்னாங்க?"

"ரசீதத் திருப்பிக் காட்டினாங்க. பதினோராவது நிபந்தனையாம். என்ன ஆனாலும் பத்து ரூவாதான் தருவாங்களாம். அதுவும் அவங்க இஷ்டப்பட்டாத்தானாம். அதுல அப்படி இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். வாசிச்சுச் சொல்ல அங்க ஆளும் இல்ல."

பாக்டரியில் ஒரு காலில் நின்று எடை போட முடியாது. இரண்டு மாசம் பார்ப்பதாகவும் அதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் போடுவதாகவும் எஸ்டேட் துரை சொல்லியிருந்தாராம். வேலை போனால் லயத்தில், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில், இருந்த வீடும் போகும்.

இத்தனையும் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. அவருக்கு வேண்டிய ஃபாரத்தை நான் எடுத்துக் கொடுத்தபோது அதன் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "லாரிப் படம் நல்லா இருக்கு" என்றார்.

அந்தப் படம் இருந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பது அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் ஸ்ரீவராகத்துக்கு நடந்தேன். வக்கீலம்மாவிடம், மேனேஜர் சொன்னதையும் நான் சிரித்ததையும் சேர்த்தே சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ப்ரூஃப் இப்பவும் இருக்கோ?"

"ஃபைல்ல இருக்கு. நாங்க தூரப் போட மாட்டோம். பின்னால தகராறு வந்தா காட்டணும்லா."

"அப்போ கோர்ட்லேந்து சம்மன் வரும். உங்களுக்குச் சங்கடம் உண்டாகும்னு எனக்குத் தெரியும். இப்பவே யோசிச்சுக்கோங்கோ."

4. முதலாளியின் மேஜை

சம்மன் வந்தது. ப்ரூஃபைக் கொண்டுவர வேண்டும், அதைச் செய்த கம்போசிட்டரும் வர வேண்டும்.

எங்கள் முதலாளி பத்மநாப பிள்ளை கெட்டவரல்ல. ஆனால் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷின் இரண்டில் ஒன்று அந்தக் கம்பெனி வேலையால்தான் ஓடியது. என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, தன் மலையாளம் கலந்த தமிழில் ஆரம்பித்தார்.

"தாணு, ஃபைலெல்லாம் செல்லரிச்சுப் போச்சுன்னு சொல்லீரு. அதோட பிரச்சனை தீர்ந்நு."

"செல்லரிக்கல்லியே முதலாளி."

"எனக்கு அறியாதா? நீ அப்படிச் சொல்லணும்னுதான் பறயுதேன். அந்த நொண்டிக்காரன் உனக்கு ஆரு? சொந்தமா?"

"சொந்தமொண்ணும் இல்ல. அந்த வரிய எடுத்தது எனக்க கையாக்கும்."

"மேனேஜர் சொன்னாரு, நீ எடுத்த. கூலிக்காரனுக்கு அதில என்ன குற்றம்?"

"எடுத்தது குத்தமான்னு எனக்குத் தெரியாது முதலாளி. எடுக்கல்லைன்னு சொன்னா அது குத்தம்தான்."

அவர் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "கம்பெனி வேலை போச்செங்கில் முதல்ல வீட்டுக்குப் போறது நீதான், மனசிலாயோ" என்றார்.

மூன்று நாள் யோசித்தேன். கரமனையில் வாடகை வீடு. இரண்டு குழந்தைகள். என் மனைவி பகவதியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, "ப்ரூஃபு திருத்துததுல ஒரு கொம்பு மாறினாக்கூட ராத்திரி உறங்க மாட்டிய. இத மாத்திச் சொல்லிட்டு நீங்க எப்பிடி இருப்பிய?" என்றாள். அதற்குமேல் எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி வருவதற்கு முன் ஃபைலை எடுத்துத் துடைத்து அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் வந்து அதைத் திறந்தார். சிவப்புப் பென்சில் அடித்த பக்கத்தைப் பார்த்தார். கிழித்துப் போட அவருக்கு அரை நிமிஷம் போதும். ஃபைலை மூடி என்னிடம் தள்ளிவிட்டு, "கோர்ட்டுக்கு உடுத்துப் போற முண்டு சுத்தமா இருக்கணும்" என்றார்.

5. கூண்டில்

வஞ்சியூர் முன்சீப் கோர்ட்டில் நான் மூன்றாவது சாட்சி. விசாரணை மலையாளத்தில் நடந்தது. எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வக்கீலம்மா ப்ரூஃபைக் காட்டச் சொன்னார். காட்டினேன். சிவப்புக் குறி யாருடையது, கையெழுத்து யாருடையது, வரியை எடுக்கச் சொன்னபோது என்ன பேச்சு நடந்தது என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பின்னாடி பாத்தா எவன்டே சாமானக் குடுப்பான் என்பதை மட்டும் மேனேஜர் சொன்ன தமிழிலேயே சொன்னேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் கீழே குனிந்துகொண்டார்.

பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். வயதானவர், பெரிய பேர் உள்ளவர். என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார்.

"உமக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"எழுத்து தெரியும்."

"இந்தப் பதினேழு நிபந்தனைக்கும் அர்த்தம் தெரியுமா?"

"தெரியாது."

"அர்த்தம் தெரியாத ஆள், எது முக்கியமான வரி, எது முக்கியமில்லாத வரி என்று எப்படிச் சொல்ல முடியும்?"

அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றியது.

"அது நான் சொல்ல முடியாது, சார். ஆனா இதில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் நான் என் கையால் எடுத்து நிறுத்தினேன். மூணு தடவை ப்ரூஃப் படித்தேன். மூணு நாள் இதோடு இருந்தேன். எனக்கே இதில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஜன்னலில் கையை நீட்டி அரை நிமிஷத்தில் ரசீதை வாங்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரிந்திருக்காது என்று மட்டும் சொல்ல முடியும்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து மேனேஜரைக் கூண்டில் ஏற்றினார்கள். பதினோராம் நிபந்தனையைப் படித்துக் காட்டும்படி நீதிபதியான முன்சீப் சொன்னார். மேனேஜர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டு சொல் படித்து நிறுத்தினார். பத்தாம் நிபந்தனையின் வாலும் பதினொன்றின் தலையும் அவருக்குக் கலந்துவிட்டன. ஈயத்தகடு வைக்காததன் பலன் அது என்று எனக்குத் தெரிந்தது.

முன்சீப் சிரிக்கவில்லை. "உங்கள் சொந்த நிபந்தனை. நீங்களே படிக்க முடியவில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வக்கீலம்மா கடைசியில் பேசியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஒப்பந்தம் என்றால் இரண்டு பேர் மனதும் சேர வேண்டும். இங்கே ஒருவரே எல்லாவற்றையும் எழுதி அச்சடித்து வைத்திருக்கிறார். மற்றவர் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. அப்படிப்பட்ட தாளில் நிபந்தனை இருக்கிறது என்பதையாவது அவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டாமா? இவர்கள் சொல்லாமல் விட்டது மட்டுமல்ல, சொல்லுகிற வரியைத் தேடி எடுத்திருக்கிறார்கள். அதோடு, ஒருவரை நம்பி ஒப்படைத்த சாமானை அவர் தன் சொந்தச் சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சுண்ணாம்பின்மேல் தார்ப்பாய் இல்லாமல் தோலையும் மரத்தையும் வைத்துவிட்டு, பத்து ரூபாய்தான் என்று அச்சடித்த தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

6. தீர்ப்பும் பிறகு நடந்ததும்

தீர்ப்பு செல்லையா பக்கம் வந்தது. பதினோராம் நிபந்தனை அவரைக் கட்டாது. புதுக் கால் செய்கிற செலவு முழுவதும், வேலையில்லாத நாட்களின் சம்பளமும், வழக்குச் செலவும் கம்பெனி கொடுக்க வேண்டும். அப்பீல் போகப் போவதாகப் பேச்சு வந்தது. போகவில்லை. துரை கொடுத்த இரண்டு மாசம் கோர்ட்டுக்குப் போதவில்லைதான். ஆனால் வக்கீலம்மா எஸ்டேட்டுக்கு ஒரு கடிதம் எழுதி, தீர்ப்பு வரும்வரை உட்கார்ந்து செய்கிற கணக்கு வேலையில் அவரை வைத்திருக்கச் செய்திருந்தார்.

தீர்ப்பு நகல் வந்த அன்று வக்கீலம்மா என்னை வரச்சொல்லி ஒரு வாக்கியத்தைப் படித்து அர்த்தம் சொன்னார். மூன்றாம் சாட்சி தன் வேலைக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும் சாட்சி சொல்ல வந்தவர், அவர் சொன்னதை நம்பாதிருக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை என்று முன்சீப் எழுதியிருந்தார். நான் அதை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆயிரம் ஆயிரமாக மற்றவர்கள் வாக்கியத்தைக் கோத்தவன் நான். என்னைப் பற்றி ஒருவர் எழுதிய வாக்கியம் என் வாழ்நாளில் அது ஒன்றுதான். அன்று ஸ்ரீவராகத்திலிருந்து கரமனை வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தேன்.

சங்கடமும் வந்தது. கம்பெனி தன் வேலையை வேறு அச்சகத்துக்கு மாற்றியது. ஒரு மிஷின் வாரத்தில் மூன்று நாள் சும்மா நின்றது. முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஆனால் ஒரு மாசம் என்னோடு பேசவும் இல்லை. மிஷின்மேன் ராகவன் ஒருநாள், "உன்னாலயாக்கும் எனக்குக் கூலி குறஞ்சது" என்று நேருக்கு நேர் சொன்னான். அவன் சொன்னது உண்மை.

நாலு மாசம் கழித்து அந்த மேனேஜரே படியேறி வந்தார். கையில் புதுக் காப்பி. பதினேழு நிபந்தனை ஆறாகியிருந்தது. என்னைப் பார்க்காமல் முதலாளியிடம் சொன்னார்.

"வேற பிரஸ்ல ஒரே தப்பா அடிக்கான். எங்க வக்கீல் எழுத்துப் பெருசா இருக்கணுங்காரு. முன்பக்கத்துலயே வரணுமாம். மலையாளத்துலயும் தமிழ்லயும் போடணுமாம்."

முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார். "அவன்கிட்ட பறயுங்க. அதெல்லாம் அவனுக்காக்கும் அறியுதது."

பன்னிரண்டு பாயிண்டில் கோத்தேன். வரிக்கு வரி இடைவெளி விட்டேன். நல்ல கறுப்பு மை. சாமான் கெட்டால் எங்களுடைய பொறுப்பு எது, உங்களுடைய பொறுப்பு எது என்று தமிழில் நாலு வரி. அந்தத் தமிழை வக்கீலம்மாவிடம் காட்டித் திருத்தி வாங்கிவந்தேன். கம்பெனிக்கு அது தெரியாது. லாரிப் படத்துக்கு இடம் இருக்கவில்லை.

செல்லையா புதுக் காலோடு ஒருநாள் வந்தார். பொன்முடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னார். புதிய ஃபாரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்த நாலு வரியையும் நிறுத்தி நிறுத்தி உரக்க வாசித்தார். பிறகு ராகவனிடம் போய், "ஒங்களுக்கும் சேதாரம் வந்ததா வக்கீலம்மா சொன்னாவ, மன்னிக்கணும் அண்ணாச்சி" என்றார். ராகவன் மிஷினை நிறுத்திவிட்டு அவருக்கு டீ வாங்கிவரப் போனான்.

அதன் பிறகு எனக்கு ஒரு வழக்கம் வந்தது. யார் ஃபாரம் அடிக்க வந்தாலும், அதை வாங்கி அவர்கள் எதிரிலேயே எனக்குத் தெரிந்த தமிழில் உரக்கப் படிப்பேன். தெரியாததை அவர்களையே சொல்லச் சொல்வேன். சாலைக் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த ஒருவர் ஒன்பது நிபந்தனையோடு வந்தார். கடையில் தீப்பிடித்தாலும் பொறுப்பில்லை, திருடு போனாலும் பொறுப்பில்லை, ரேடியோவை வேறு ஆளிடம் மாற்றிக் கொடுத்துவிட்டாலும் பொறுப்பில்லை என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியோக்காரர் காதெல்லாம் சிவந்து, "போதும், அந்தக் கடைசி அஞ்சையும் வெட்டிருங்க" என்றார்.

எழுத்துக் கோக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து வாய் திறந்து சொல்ல முடியாததைத்தான் தாளின் பின்பக்கத்தில் போடக் கொண்டுவருவார்கள். அதைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் உரக்கப் படித்துக் காட்டுவதை யாரும் தடுக்க மாட்டார்கள்.